குப்பைப் பெட்டிக்குள் ஒரு நேர்முகப் பரீட்சை

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மழை நாளொன்றில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஹட்டன் நகரில் வசிக்கும் என் நண்பரைத் தேடி வந்தாள். நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் பழைய மாணவர் சங்கம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வழங்கும் புலமைப்பரிசிலுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். "சேர், இன்டர்வியூ எப்பன்னு ஒரு மெயிலும் வரலீங்க. எப்ப வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்து அன்றைக்கு ஒன்பது நாட்களாகியிருந்தன.

நண்பர் அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். வந்த அஞ்சல்களுக்கான பெட்டியில் எதுவுமில்லை. குப்பைப் பெட்டியைத் திறந்தார். ஸ்பாம் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டியில், அதிர்ஷ்டலாபச் சீட்டில் பரிசு விழுந்ததாகச் சொல்லும் கடிதத்துக்கும், மத்திய கிழக்கில் வேலை தருவதாகச் சொல்லும் கடிதத்துக்கும் இடையில் எங்கள் சங்கத்தின் கடிதம் கிடந்தது. அதன் தலையில் ஓர் எச்சரிக்கை வேறு: இக்கடிதம் அபாயகரமானதாக இருக்கலாம், அனுப்பியவர் உண்மையில் இவர்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

அந்தப் பிள்ளை மூன்று வாரங்களாக ஒவ்வொரு மாலையும் லயத்திலிருந்து பிரட்டுக்களத்து மேடு வரை ஏறிப்போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். கடிதமும் அந்த மூன்று வாரங்களும் அவள் கையிலேயே இருந்திருக்கிறது.

நாங்கள் நாற்பத்திரண்டு பேருக்குக் கடிதம் அனுப்பியிருந்தோம். பதினொரு பேர் வரவில்லை. வராதவர்களின் பெயர்களுக்கு எதிரே "அக்கறையில்லை" என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தோம். மாணவி வந்து போன பின்னர் நண்பர் அந்தப் பதினொரு பேரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஏழு பேருடைய கடிதம் குப்பைப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் போனவை முப்பது நாட்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், மற்ற நால்வரின் கதை எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

இதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் வேலை செய்தவன் மின்னஞ்சல் தொழில்நுட்பம் பற்றி எழுதப் புறப்பட்டால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் வெளிநாட்டு உறுப்பினர் ஒருவர் சொன்ன வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. "ஸ்பாம் பெட்டியைப் பார்க்கத் தெரியாத பிள்ளை கம்பஸ் போய் என்ன செய்யப் போகுது?" என்றார் அவர். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு 1971ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஆசிரிய கலாசாலை ஒன்றிலிருந்து எனக்கு அழைப்புக் கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் லயத்துக்கு வருவதில்லை. தப்பால்காரர் காலையில் தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடப்பார். பைக்குப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டுக்கு இரண்டு திறப்புகள்: ஒன்று தபாற்கந்தோரில், மற்றையது தோட்ட ஆபிசில். பை ஆபிசில் திறக்கப்படும். துரைக்குரியவை பங்களாவுக்குப் போகும். உத்தியோகத்தர்களுக்குரியவை அவரவர் மேசைக்குப் போகும். தொழிலாளருக்குரியவை ஒரு மரப்பெட்டியில் விழும். யாராவது நினைத்துக்கொண்டால் பிரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். என் கடிதம் அந்தப் பெட்டியில் பத்தொன்பது நாட்கள் கிடந்தது. என் தந்தையாரின் கையில் அது வந்தபோது கலாசாலையில் சேர வேண்டிய திகதி கடந்திருந்தது. விளக்கம் கேட்கப் போன அவரிடம், "ஆபிஸ்ல வந்து கேட்டிருக்கலாமே" என்றார்கள். (கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் நான் பத்திரிகைக்காரன் ஆகியிருக்க மாட்டேன். அதனால் லாபமா நட்டமா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.)

லயங்களுக்குத் தனி இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாமையால், தோட்டத்தின் பெயருக்கு வந்து ஆபிசில் தேங்கும் கடிதங்களின் கதை இன்னும் பல இடங்களில் முடிந்துவிடவில்லை. மின்னஞ்சல் வந்தபோது என் போன்றவர்கள் உள்ளூர மகிழ்ந்தோம். இனி மலையகத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியான முகவரி, நடுவில் மரப்பெட்டி இல்லை என்று நம்பினோம். மரப்பெட்டி வேறு உருவத்தில் அவள் சட்டைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. "நீ கேட்டிருக்கலாமே, நீ பார்த்திருக்கலாமே" என்ற பேச்சும் அப்படியே இருக்கிறது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: கடிதம் குப்பைக்குப் போனால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் அனுப்பியவர். எங்கள் விடயத்தில் குற்றம் முழுவதும் எங்களுடையது.

மின்னஞ்சல் ஏன் இவ்வளவு சந்தேகப் பிராணியாக மாறியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கடத்தும் விதிமுறையை 1982இல் ஜோன் போஸ்டல் எழுதி வைத்தார். அன்றைக்கு வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் சேர்ந்த சிலர் மாத்திரமே. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அனுப்புநர் என்ற இடத்தில் யாரும் யாருடைய பெயரையும் எழுதலாம். எவரும் சரிபார்க்கப் போவதில்லை. ஊருக்குள் கதவைப் பூட்டாமல் தூங்கிய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் அப்படித் தூங்கியதில்லை. ஆசிரியருக்கு வரும் கடிதத்தில் பெயரும் முகவரியும் இருந்தே தீர வேண்டும். ஒருமுறை, தோட்டத் தொழிலாளர் சம்பளப் பேச்சுவார்த்தை முற்றியிருந்த வேளையில், தொழிற்சங்கமொன்றின் கடிதத்தலைப்பில் ஓர் அறிக்கை வந்தது. வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது என்று இரண்டே பந்திகள். தலைப்பு அசல், இறப்பர் முத்திரையும் அசல் போலவே இருந்தது. ஆனால் கையொப்பமிட்டிருந்தவர் அந்தச் சங்கத்தில் அறிக்கை விடுபவர் அல்லர். உறையில் இருந்த தபால் முத்திரையோ சங்கத்தின் தலைமையகம் இல்லாத ஓர் ஊருடையது. இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்டோம். அப்படியொரு அறிக்கையே விடவில்லை என்றார்கள். அச்சேறியிருந்தால் மறுநாட்காலை எத்தனை மலைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

அன்றிரவு நாங்கள் பார்த்த அதே மூன்று விடயங்களைத்தான் இன்றைக்குக் கணினிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்க்கின்றன: உறையில் இருக்கும் பெயர், முத்திரை, கடிதத்தலைப்பில் இருக்கும் பெயர். பலருக்குத் தெரியாத ஒன்று, மின்னஞ்சலுக்கும் உறை உண்டு என்பது. நாம் வாசிக்கும் "அனுப்புநர்" என்பது கடிதத்தலைப்பு. கடிதம் திரும்பி வர நேர்ந்தால் எங்கே வர வேண்டும் என்பதை இயந்திரங்கள் மாத்திரம் பார்க்கும் உறையில் வேறாக எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று 1982இல் எவரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாக் கள்ளமும் அந்த இடைவெளிக்குள்தான் புகுந்தது.

உறையைச் சரிபார்க்கும் முறைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர், 2006இல் ஆவணமாக வெளிவந்தது. ஆள்களப் பெயர் ஒன்றின் சொந்தக்காரர் (டொமைன் என்று சொன்னால் பலருக்கு விளங்கும்), அந்தப் பெயருக்குரிய டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறார்: என் பெயரில் அஞ்சல் கொண்டுவர உரிமையுள்ளவர்கள் இன்னின்னார். எங்கள் தப்பால்காரரைத் தவிர வேறெவரிடமும் பையைக் கொடுக்காதீர்கள் என்று தபாற்கந்தோருக்குத் தோட்டம் எழுதிக் கொடுப்பது போன்றது இது.

அடுத்தது முத்திரை. டிகிம் என்று அழைக்கிறார்கள். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியே செய்துவந்த முயற்சிகள் ஒன்றாகி 2007இல் பொதுவிதியாகின. இதிலும் இரண்டு திறப்புகள் இருக்கின்றன. அந்தரங்கத் திறப்பு அனுப்புபவரிடம் மாத்திரம் இருக்கும். அதைக்கொண்டு ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை இடப்படும். பகிரங்கத் திறப்பு டி.என்.எஸ். பதிவேட்டில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும். முத்திரை அசலா என்பதை எவரும் அதைக்கொண்டு சோதிக்கலாம். முத்திரையிட்ட பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் அது பொருந்தாது. எங்கள் தோட்டத்துப் பையின் இரு திறப்புகளும் ஒரே மாதிரியானவை. எது கிடைத்தாலும் பையைத் திறக்கலாம். இந்த இரண்டோ ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மூன்றாவது டிமார்க். 2012இல் பகிரங்கப்படுத்தப்பட்டு 2015இல் ஆவணமாயிற்று. என் கருத்தில் மூன்றிலும் இதுவே முக்கியமானது. ஏனெனில், வாசிப்பவர் கண்ணில் படும் கடிதத்தலைப்பைப் பற்றி இம்மூன்றில் கேள்வி கேட்பது இதுதான். உறையில் உள்ள பெயரோ முத்திரையில் உள்ள பெயரோ, இரண்டில் ஒன்றாவது கடிதத்தலைப்பின் பெயரோடு பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்பதையும் ஆள்களத்தின் சொந்தக்காரரே எழுதி வைக்கலாம்: போகட்டும் விடுங்கள், ஒதுக்கி வையுங்கள், ஏற்க மறுத்துவிடுங்கள். கூடவே, என் பெயரில் யார் யார் அஞ்சல் அனுப்பினார்கள் என்று அறிக்கை தாருங்கள் என்றும் கேட்டுக்கொள்ளலாம். அன்றிரவு பத்து மணிக்கு நாங்கள் எடுத்த தொலைபேசி அழைப்பின் இடத்தில் இன்று இருப்பது இந்த வரி.

இனி, எங்கள் சங்கம் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடிதம் போக வேண்டும் என்பதற்காக, அஞ்சல் அனுப்பும் சேவையொன்றில் கணக்குத் திறந்தோம். இப்படிப்பட்ட சேவைகள் பல இருக்கின்றன. பட்டியலைக் கொடுத்தால் ஆயிரம் பேருக்கும் நொடியில் அனுப்பிவிடும். அனுப்புநர் என்ற இடத்தில் சங்கத்தின் பழைய இலவச ஜிமெயில் முகவரியைக் கொடுத்தோம். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடிதத்தலைப்பில் ஜிமெயிலின் பெயர். கடிதத்தைக் கொண்டுபோவதோ ஜிமெயிலோடு சம்பந்தமில்லாத வேறொரு நிறுவனம். உறையிலும் முத்திரையிலும் அந்த நிறுவனத்தின் பெயர். ஒரு தோட்டத்தின் கடிதத்தலைப்பில் எழுதி, வேறொரு தோட்டத்தின் பையில் போட்டு, அந்தத் தோட்டத்தின் முத்திரையைக் குத்தி அனுப்பினால் தபால் அதிபர் என்ன நினைப்பார்?

2023 ஒக்டோபரில் கூகிளும் யாஹூவும் ஓர் அறிவித்தலை விடுத்திருந்தன. 2024 பெப்ரவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் மேற்சொன்ன மூன்றையும் வைத்திருக்க வேண்டும். குறைவாக அனுப்புவோரும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். பிறர் சேவை வழியாக ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு அனுப்பாதீர்கள் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. மைக்ரோசொஃப்ட் 2025 மே மாதத்தில் தனது பயனர்களுக்காக இதே பாதையில் வந்தது. நாங்கள் கடிதம் அனுப்பியது 2024 மே மாதத்தில். அறிவித்தல் ஆங்கிலத்தில் இருந்தது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. சங்கத்தில் கணினிப் பொறியியலாளர்களே மூவர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்துவிட்டோம்.

சொந்தமாக ஆள்களப் பெயர் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். பார்த்தால், சங்கத்துக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் துடிப்பான இளைஞர் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் தன் பெயரிலேயே வாங்கி, ஒரு சிறு இணையத்தளமும் அமைத்திருந்தார். அவர் இப்போது கட்டாரில். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. அவருடைய தாயாரைத் தேடிப்பிடிக்க நோர்வூட் வரை போக வேண்டியிருந்தது. பிள்ளை நல்ல பிள்ளை. நள்ளிரவில் வேலை முடிந்து வந்து கடவுச்சொல்லைத் தந்தார். இவ்விடத்தில் மலையகத்துச் சங்கங்கள், அறக்கட்டளைகள், ஆலய பரிபாலன சபைகள் எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் ஆள்களப் பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மேற்சொன்ன அத்தனை வரிகளையும் எழுதும் இடம் அந்தக் கணக்குத்தான். அது கைவிட்டுப் போனால் உறை, முத்திரை, கடிதத்தலைப்பு மூன்றும் போய்விடும்.

பதிவேட்டில் எழுதுவது இலகுவென்று நினைத்தோம். சேவை நிறுவனம் தன் பக்கத்தில் வரிகளைத் தயாராக வைத்திருந்தது: முத்திரையின் பகிரங்கத் திறப்புக்கு இரண்டு வரி, உறையில் எங்கள் பெயரின் கிளைப்பெயர் ஒன்று இடம்பெற ஒரு வரி. வெட்டி ஒட்ட வேண்டியதுதான் என்றார்கள். ஒட்டினோம், "சரிபார்க்க முடியவில்லை" என்ற சிவப்பு எழுத்து நான்கு நாட்களாக மாறவில்லை. ஐந்தாம் நாள்தான் காரணம் தெரிந்தது. பதிவேட்டுப் பக்கம் ஒவ்வொரு பெயரின் முடிவிலும் எங்கள் ஆள்களப் பெயரைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். நாங்கள் ஒட்டியதிலும் அது இருந்தது. ஆகவே முகவரி "ஹட்டன் ஹட்டன்" என்றாற்போல இரட்டித்துக் கிடந்தது.

இன்னொரு பிழை இதைவிட வெட்கக்கேடானது. கட்டார் இளைஞர் முன்னரே ஓர் எஸ்.பி.எஃப். வரியை எழுதி வைத்திருந்தார். நாங்கள் புதிய சேவைக்கென்று அதற்குக் கீழே இரண்டாவதாக ஒன்றை எழுதினோம். ஓர் ஆள்களத்துக்கு அப்படி ஒரு வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பிழையென்று கொண்டு இரண்டையுமே கணக்கில் எடுக்கமாட்டார்கள். அனுமதி பெற்ற எல்லோரையும் ஒரே வரிக்குள் கொண்டுவர வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்கும்போது பதிவேட்டை மேலும் பத்துத் தடவைக்கு மேல் தேட வேண்டி வந்தாலும் அது செல்லாது. ஆகவே ஒரு காலத்தில் பயன்படுத்திக் கைவிட்ட சேவைகளின் பெயர்களை நீக்கிவிடுவது நல்லது. தோட்டத்தை விட்டுப் போனவனின் பெயரைச் செக்ரோலில் வைத்திருப்பதில்லை அல்லவா?

டிமார்க்கை முதலில் "போகட்டும் விடுங்கள்" என்ற நிலையிலேயே வைத்து, அறிக்கைகளை மாத்திரம் கேட்டோம். பொறியியலாளர் உறுப்பினர் ஒருவர் உடனேயே "மறுத்துவிடுங்கள்" என்று வைக்கச் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை. மூன்றாம் வாரத்து அறிக்கையில் நாங்கள் அறியாத ஒருவர் எங்கள் பெயரில் கடிதங்கள் அனுப்புவது தெரிந்தது. கள்ளன் அகப்பட்டான் என்று கூட்டம் கூட்டினோம். விசாரித்தால், எங்கள் பொருளாளர் வாங்கியிருந்த கணக்கியல் மென்பொருள் நன்கொடையாளர்களுக்குப் பற்றுச்சீட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவசரப்பட்டிருந்தால் இலண்டனிலும் சிட்னியிலும் பணம் தந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டே போயிருக்காது. பொருளாளர் மீது வேறு கதை கிளம்பியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் கவனிக்க வேண்டும். உலகத்தின் அஞ்சலை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் விதித்ததே சட்டம் என்றாகிவிட்டதே, இதற்கு நாம் பணிந்துபோவதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மலையகத்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகத் "துண்டு" வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டில்லாதவனை எந்தத் தோட்டமும் எடுக்காது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒரு மனிதனின் நடமாட்டம் அந்தக் காகிதத்தில் தொங்கியது. அதற்கும் முன்னால், மண்டபம் முகாமில் கழுத்தில் மாட்டிய தகரவில்லையில் போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்திருந்தது. ஆளே கடிதமாக அனுப்பப்பட்டான். பின்னர் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், விவாகமானவர் ஏழாண்டும் விவாகமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபி என்றது. லயத்தில் பிறந்தவனிடம் காகிதம் எங்கே இருந்தது?

ஆகவே நண்பரின் ஐயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். துண்டை எழுதும் பேனா துரையின் கையில் இருந்தது. டி.என்.எஸ். வரியை எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது. விதி பகிரங்கமானது; வங்கிக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் பொருத்தம் பார்க்கும் கணக்கு ஒன்றே; அந்த வரிகளை எழுதத் தனிக்கட்டணம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது, நிரூபிக்கும் பொறுப்பு இங்கே அனுப்புகிறவருக்கு உரியது. அதைத் தட்டிக் கழித்து, பெறுகிறவரான பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் "குப்பையைக் கிளறியிருக்கலாமே" என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

பெயர் யாருடையது என்ற கேள்வி மலையகத்தோடு வேறொரு விதத்திலும் பின்னியிருக்கிறது. தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்து எழுதினார். சாரல்நாடன் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து, 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு இரண்டு நாட்களின் பின்னர், இலங்கையின் "எல்கே" ஆள்களப் பெயர்கள் சிலவற்றின் பதிவுகளை யாரோ கைப்பற்றினார்கள். கூகிளின் இலங்கை முகவரியும் ஒராக்கிளின் இலங்கை முகவரியும் அவற்றுள் அடங்கும். அவற்றுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அதில் தேயிலைத் தோட்டப் பிரச்சினையும், பத்திரிகைச் சுதந்திரமும், சிறுபான்மையினர் விவகாரமும் எழுதப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை.

செய்தியைப் படித்தபோது ஒரு கணம் நடேசய்யரின் புடவை மூட்டை என் நினைவுக்கு வந்ததை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் ஒப்பீடு நெடுநேரம் நிலைக்கவில்லை. நடேசய்யர் வேடமிட்டது உள்ளே போவதற்காக. எழுதியது தன் பெயரில். இவர்கள் பிறர் பெயரைப் பறித்துக்கொண்டு தம் பெயரை மறைத்தார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது உண்மையாகவே இருக்கட்டும். யார் சொன்னார் என்று தெரியாத உண்மையை எந்த ஆசிரியர் அச்சிடுவார்? எங்கள் பெயர் எழுதியிருக்கும் பதிவேடே பறிபோகக்கூடியது என்பதையும் அந்த நாள் காட்டிற்று. அன்றிலிருந்து, ஆள்களக் கணக்குக்கு இரட்டைப் பூட்டு இல்லாத நிறுவனத்தை நான் நம்புவதில்லை.

இத்தனையும் செய்தால் கடிதம் நிச்சயமாகப் போய்ச் சேருமா? சேராது என்றும் சொல்ல முடியாது, சேரும் என்று உத்தரவாதமும் இல்லை. முத்திரை, அனுப்பியவர் யார் என்பதை மாத்திரமே சொல்கிறது. அவர் யோக்கியரா என்று சொல்வதில்லை. மோசடிக்காரனும் ஆள்களம் வாங்கி, மூன்று வரியும் எழுதி, ஒழுங்காக முத்திரையிட்டு அனுப்புகிறான். பெறுபவர்கள் பலர் "இது குப்பை" என்று அழுத்தினாலும் நம் பெயர் கெடும். எனவே, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத எந்த அழைப்பையும் மின்னஞ்சலில் மட்டும் அனுப்பக் கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி செய்தோம். குறுஞ்செய்தி ஒன்று போகும். பாடசாலை அதிபருக்குப் பெயர்ப் பட்டியல் போகும். தபாலிலும் ஒரு பிரதி போகும். நுவரெலியாவின் செங்கல் தபாற்கந்தோர் 1894இல் கட்டப்பட்டது. அதை வேறு தேவைக்குக் கொடுக்கும் யோசனை 2023இல் வந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கட்டடத்தின் அழகுக்காக மட்டும் அவர்கள் நின்றார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரதியும் தோட்ட ஆபிஸ் பெட்டியில் விழக்கூடும் என்பதால்தான் மற்ற இரண்டும்.

மஸ்கெலியா மாணவிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஐந்து இடங்களும் அறிவிக்கப்பட்டுவிட்டன. விடுபட்டுப்போன ஏழு பேரையும் ஜூலையில் அழைத்துப் பேசினோம். உறுப்பினர்கள் சிலர் தம் கையிலிருந்து தந்த பணத்தில் மேலும் இரண்டு இடங்களை உண்டாக்கினோம். அவற்றுள் ஒன்று அவளுக்கு. மற்றவர்களுக்கு ஜூலையில் தொடங்கிய உதவி அவளுக்கு நவம்பரில்தான் தொடங்கிற்று. அந்த நான்கு மாதமும் அவள் ஹட்டனுக்குப் பிரத்தியேக வகுப்புக்கு வரவில்லை என்று நண்பர் சொன்னார். கோப்பில் "அக்கறையில்லை" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் "கடிதம் கிடைக்கவில்லை. தவறு சங்கத்தினுடையது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஸ்பாம் பற்றிப் பேசிய உறுப்பினரும் அதன் கீழே கையொப்பமிட்டார்.

இப்போது எங்கள் டிமார்க் வரி "ஒதுக்கி வையுங்கள்" என்ற நிலையில் இருக்கிறது. ஆள்களக் கணக்கு சங்கத்தின் பெயருக்கு மாறிவிட்டது. அதன் ஒரு திறப்பு கொழும்பில் செயலாளரிடமும், மற்றையது ஹட்டனில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் இருக்கின்றன. அவர் அதை ஒரு பழைய தபாலுறையில் எழுதி, ஒட்டி, சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னார். இதைக் கேட்டால் எங்கள் பொறியியலாளர்கள் மூவரும் என்ன சொல்வார்களோ தெரியாது. நான் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.